பொது மேடையும் சொந்த அரங்கேற்றமும்

கிழக்கு மாகாணத்தில் கூத்துப் பழகுவது ஒளிந்து செய்யும் வேலையல்ல. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் நடிகர்களுக்குச் சட்டங் கொடுத்த, அதாவது அவரவர் பாடப்பகுதியைக் கொடுத்த, நாளிலிருந்து அரங்கேற்றம் வரைக்கும் ஊரார் வந்து ஆடுகளமான களரியைச் சுற்றி இருந்து பார்ப்பார்கள். யாருக்குத் தாளம் பிசகுகிறது, யாருடைய குரல் எடுபடுகிறது என்பதெல்லாம் அரங்கேற்றத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். பழக்கமும் பார்வையும் சேர்ந்தே வளர்ந்த கலை அது.

மேடையில் தனியாக நின்று சிரிக்கவைக்கும் கலைக்கு இந்த முறை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பாட்டைத் தனியறையில் பாடிப் பழகலாம். நகைச்சுவையை அப்படிப் பழக முடியாது. எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்த வரியை எப்போது தொடங்க வேண்டும் என்பதை எதிரில் இருப்பவர்கள்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அதனால்தான் பல ஊர்களில் ஒரு வழக்கம் வளர்ந்திருக்கிறது. ஒருமணி நேரத் தனிநிகழ்ச்சிக்குத் தயாராகும் கலைஞரே, பலர் மேடையேறும் உள்ளூர் நகைச்சுவை இரவு ஒன்றுக்கும் ஓடியாடி ஆள் சேர்க்கிறார். திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஒருவர் இதைச் செய்ய முனைந்தால் ஊருக்கு நன்மையா, அவருக்கு மட்டும் நன்மையா?

நன்மையை முதலில் பார்ப்போம். 1947இல் தொடங்கிய எடின்பரோ கலைவிழாவுக்கு ஒவ்வோர் ஆகஸ்டிலும் புது நிகழ்ச்சியோடு போகும் பிரித்தானியக் கலைஞர்கள், அதற்கு முந்திய மாதங்களில் சின்னச் சின்ன மண்டபங்களில் குறைந்த கட்டணத்துக்கு அதைச் சொல்லிப் பார்க்கிறார்கள். இது இன்னும் செய்து முடிக்காத வேலை என்று சொல்லியே மேடையேறுகிறார்கள். அந்தச் சிறு மண்டபங்கள் இல்லாவிட்டால் பெரிய விழாவுக்குச் சரக்கு இல்லை.

நம்மிடமும் முன்னுதாரணம் உண்டு. எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகள் கும்மாளம்' இலங்கை வானொலியில் ஒலித்தபோது அது நால்வரின் கூட்டுக் களமாக இருந்தது. ராம்தாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி.எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தார்கள். அந்தக் களத்திலிருந்துதான் 1976இல் 'கோமாளிகள்' திரைப்படம் வந்தது. படத்துக்குத் தனியாக அறிமுகம் தேவைப்படவில்லை. குரல்கள் ஏற்கெனவே வீடுகளுக்குள் இருந்தன. கூட்டு மேடை தனிப்பெயரை விழுங்கிவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு 'மரிக்கார்' ராம்தாஸ் என்ற பெயரே பதில். கூட்டு மேடைதான் அந்தப் பெயரைத் தந்தது.

பிறருடைய மேடைக்கு உழைப்பது சொந்த மேடைக்கான முதலீடு என்பதற்குச் சென்னையிலும் சான்று உண்டு. 1976இல் எஸ்.வி. சேகரின் குழுவுக்கு 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதிக்கொடுத்த மோகன், 1979இல்தான் 'கிரேசி கிரியேஷன்ஸ்' என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். 'கிரேசி' என்ற அடைமொழியே அடுத்தவர் குழுவுக்கு எழுதிய நாடகத்திலிருந்து வந்ததுதான்.

இனிக் குறைகள். முதலாவது, ஊரின் அளவு. சென்னையிலோ இலண்டனிலோ இன்று சிரித்தவர் நாளை வேறொருவர். திருகோணமலையில் உவர்மலையிலிருந்தும் டொக்யார்ட் வீதியிலிருந்தும் வருகிற அதே முகங்கள்தான் அடுத்த மாதமும் வரும். பொது இரவில் ஐந்து தடவை சொல்லிப் பட்டை தீட்டிய பகிடி, சொந்த நிகழ்ச்சி நாளில் அவர்களுக்குப் பழங்கதை. மேடையைச் சோதனைக்கூடமாக்கினால் அரங்கேற்ற நாளுக்கு ஆச்சரியம் மிஞ்சாது.

இரண்டாவது, அதிகாரம். ஆள் சேர்ப்பவரே வரிசையையும் நேரத்தையும் தீர்மானிக்கிறார். கூட்டம் நிறைந்து சூடேறிய நேரம் தனக்கு, கதிரைகள் பாதி வெறுமையான தொடக்கமும் கடைசி பஸ்ஸுக்கு எழுந்து போகும் முடிவும் புதியவர்களுக்கு என்று ஆகிவிடுவது எளிது. கிண்ணியாவிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ முதல்முறை மேடையேற வந்த பிள்ளை, காலிக் கதிரைகளுக்குப் பேசிவிட்டுத் திரும்பினால் மறுமுறை வரமாட்டாள்.

மூன்றாவது, கூலி. 1979இல் லொஸ் ஏஞ்சல்ஸின் 'கொமெடி ஸ்டோர்' என்ற நகைச்சுவை அரங்கின் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இது பயிற்சிக்களம், இங்கே சம்பளம் எதற்கு என்பது உரிமையாளரின் வாதம். எங்கள் பகிடிக்குத்தானே டிக்கெட் விற்கிறது என்பது கலைஞர்களின் வாதம். கடைசியில் ஒருமுறை மேடையேற 25 டொலர் என்று முடிவானது. பயிற்சி என்ற சொல் உழைப்பை மறைக்கும் போர்வையாக எங்கும் மாறலாம். பத்துப் பேரின் உழைப்பால் கூட்டம் சேர்ந்து, அதன் பலன் ஒருவரின் தனிநிகழ்ச்சிக்கு மட்டும் போனால் அது நியாயமில்லை.

நான்காவது குறை திருகோணமலைக்கே உரியது. எந்த ஒரு சமூகமும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம் இது. தனிநிகழ்ச்சி ஒருவரின் மொழி, ஒருவரின் வீடு, ஒருவரின் நினைவு. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பொது இரவு அப்படி இருக்கக்கூடாது. நடத்துபவரின் கவனம் முழுக்கத் தன் நிகழ்ச்சியில் இருந்தால், பொது இரவும் மெல்ல அவருடைய ஆட்களின் இரவாகச் சுருங்கிவிடும். 'கோமாளிகள்' நால்வர் நான்கு விதத் தமிழைப் பேசினார்கள். ராம்தாஸ் மரிக்காரானார், அப்துல் ஹமீத் ஐயரானார். ஒருவர் பேச்சை மற்றவர் ஏற்று நடித்ததாலும், நால்வருமே சிரிப்புக்கு ஆளானதாலும் அது கேலியாகக் கசக்கவில்லை. போர்க்காலத்தில் இரவுகளைப் பறிகொடுத்த ஊருக்கு, எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்து சிரிக்கும் இரவு சின்ன விடயமல்ல. அதை ஒருவரின் விளம்பரப் பலகையாகக் குறுக்க யாருக்கும் உரிமையில்லை.

ஆகவே இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன், நிபந்தனையோடு. நடத்துபவர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் நிமிடங்களுக்கு மேல் தனக்கு எடுக்கக்கூடாது. தொகுப்பாளர் வேலையை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். டிக்கெட் காசு எப்படிப் பிரிகிறது என்பது மேடையேறும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தன் நிகழ்ச்சியின் உயிரான பகுதியை மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ சொல்லிப் பார்த்துவிட்டு, சொந்த ஊருக்குப் புதிதாகக் கொண்டுவர வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தாரா என்று அறிய ஓர் அளவுகோல் போதும். அவருடைய தனிநிகழ்ச்சி கைதட்டலோடு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம், அவர் ஊரில் இல்லாத ஒரு நாளில், அந்தப் பொது இரவு நடக்க வேண்டும். நடந்தால் அவர் கட்டியது களரி. நடக்காவிட்டால், ஊர் அவருக்காகப் போட்டுக்கொடுத்த பந்தல் மட்டுமே அது.