ஒரே வண்ணத்தில் இரு வெற்றிகள்: ஊடாட்டத் தேர்தல் வரைபடங்களும் பொன்னேரியும்

2024 மக்களவைத் தேர்தலில் திருவள்ளூர்த் தொகுதியில் காங்கிரஸ் கட்சி பா.ஜ.க.வை 5,72,155 வாக்குகள் வேறுபாட்டில் வென்றது. விருதுநகரில் அதே கட்சி தே.மு.தி.க.வை வென்றது. அங்கு வேறுபாடு 4,379. வென்ற கட்சிக்கு ஒரு வண்ணம் என்னும் முறையில் அமைந்த ஊடாட்ட வரைபடத்தில் இவ்விரு தொகுதிகளுக்கும் வேற்றுமையே இல்லை. சுட்டியைத் தொகுதியின்மேல் நிறுத்தினால் மட்டுமே எண் தோன்றும். எண்ணை ஒரு பெட்டிக்குள் ஒளித்து வைத்துவிட்டு அதனை ஊடாட்டம் எனப் பாராட்டுவது பொருந்தாது. வாக்கு வேறுபாட்டுக்கேற்ப வண்ணச் செறிவை மாற்றியிருந்தாலே இக்குறை பெருமளவு நீங்கியிருக்கும்.

கூட்டணி, கட்சி என வண்ணத்தை மாற்றும் பொத்தான் இதற்கு விலக்கு. 2021 சட்டமன்றத் தேர்தலில் பொன்னேரியில் காங்கிரசும் அடுத்துள்ள கும்மிடிப்பூண்டியில் தி.மு.க.வும் வென்றன. கூட்டணி வண்ணத்தில் இரண்டும் ஒன்றாகின்றன; கட்சி வண்ணத்தில் பிரிகின்றன. இரு வேறு வினாக்களுக்கு இரு விடைகள் கிடைப்பதால் இங்குச் சொடுக்குதல் பயனுடையதாகிறது.

பரப்பு சார்ந்த சிக்கல் இதனினும் கடினமானது. திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் ஆவடியில் வாக்காளர் மிகுதி, நிலப்பரப்போ சிறிது. வயலும் உப்பங்கழியுமாக விரிந்த பொன்னேரியே கண்ணில் பெரிதாகப் படுகிறது. பழவேற்காட்டு ஏரியின் நீருக்கும் கட்சி வண்ணம் பூசப்பட்டுவிடுகிறது. 2004 அமெரிக்கத் தேர்தலுக்குக் காஸ்ட்னர், ஷலீசி, நியூமன் ஆகியோர் மக்கள்தொகைக்கேற்பப் பரப்பை விரித்தும் சுருக்கியும் வரைபடங்கள் அமைத்தனர். அம்முறையில் கடற்கரை சிதையும். கரையைக் கொண்டே தம் ஊரை அறியும் வாசகர் திகைப்பர். நீர்ப்பரப்பை வண்ணமின்றி விடுவதே இவ்வட்டாரத்துக்கு எளிய திருத்தம்.

தொகுதிக்கு ஒரே வண்ணம் இடும்போது மீஞ்சூர்த் தொழிற்பகுதியும் மீனவக் குப்பங்களும் வேறுபாடின்றிக் கலந்துவிடுகின்றன. வாக்குச்சாவடிவாரி எண்களைத் தரும் படிவம் 20-ஐக் கொண்டு அவற்றைப் பிரித்துக் காட்ட இயலும். எனினும் ஒரு குப்பத்துக்கு ஒரே சாவடி எனில், எவ்வூர் எக்கட்சிக்கு வாக்களித்தது என்பது வெளிப்படையாகிவிடும். பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்ததும், சட்ட ஆணையம் தன் 255-ஆம் அறிக்கையில் (2015) அதனைப் பரிந்துரைத்ததும் இவ்வச்சத்தாலேயே. படிவத்தில் சிலர் மட்டுமே தேடிக் காணும் எண்ணை வரைபடம் அனைவர் கண்முன்னும் நிறுத்துகிறது. ஆதலின் சாவடிகளைத் தனித்தனியே வண்ணமிடாமல், அருகருகே உள்ளவற்றைக் கூட்டி, பழவேற்காட்டுக் கரை, மீஞ்சூர்ச் சுற்றுவட்டாரம் என்னும் அளவில் காட்டும் வரைபடமே பொன்னேரிக்குத் தேவை.