நாஜி வில்லனும் நாஞ்சில் வீரனும்

சாகசக் கதைகளைத் திறனாய்வாளர்கள் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லில் அவற்றை ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவர். ஆனால் குர்லாவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தது அகநானூற்றில் அன்று. சிவகாசியில் அச்சான சித்திரக் கதைகளில்தான். 1972-இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி'யும், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும், கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் குடும்பங்களின் பெட்டியில் ஊறுகாய் ஜாடிக்கும் அப்பளக் கட்டுக்கும் நடுவே பத்திரமாக வந்து சேர்ந்தவை. பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படித்த சிறுவனுக்குத் தமிழில் ஓர் ஆசையை உண்டாக்கிய எழுத்தை அற்பம் என்று தள்ள நமக்கு மனமில்லை. தள்ளாமல் ஆராய்வதே அவ்வெழுத்துக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

இவ்வகைக் கதைகளில் ஒரு கிளையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். இயல்பை மிஞ்சிய வீரன் ஒருவன் நாஜிகளை எதிர்த்துப் போரிடும் கதை அது. மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறியவர்களுக்குக் 'கமாண்டோ' என்னும் கையடக்க ஆங்கிலச் சித்திர இதழ் நினைவிருக்கும். 1961 முதல் பிரிட்டனில் வெளிவரும் அவ்விதழில் ஜெர்மானியச் சிப்பாய் இரண்டே காரியங்களுக்காகப் படைக்கப்பட்டவன்: உரக்கக் கத்துவான், பிறகு சாவான். அலிஸ்டர் மக்லீன் 1957-இல் எழுதிய 'நாவரோன் பீரங்கிகள்' நாவலிலும், அதையொட்டி 1961-இல் வந்த திரைப்படத்திலும் கற்பனைத் தீவு ஒன்றின் மாபெரும் பீரங்கிகளைத் தகர்க்க ஒரு சிறு குழு செல்கிறது. மலையேறும் மல்லரியின் களைப்பும் ஐயமும் நம் நெஞ்சில் பதிகின்றன. எதிர்ப்பக்கத்துச் சிப்பாய்களோ பெரும்பாலும் எண்ணிக்கைதான். அவர்களுள் ஒருவன் விழும்போது அவனுக்கும் ஒரு தாய் உண்டு என்ற எண்ணம் வாசகனுக்கு எழுவதில்லை. எழக்கூடாது என்பதே கதையின் ஏற்பாடு. கதாசிரியர்கள் நாஜியை விரும்பித் தேடியதன் காரணமும் இதுவே. அவனைக் கொன்றால் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

தமிழ் மரபு இதற்கு நேர்மாறான ஒரு வழக்கத்தை வைத்திருந்தது. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவது பரணி. ஆயினும் அந்நூலுக்கு வென்றவன் பெயரை இடுவதில்லை. தோற்றவன் பெயரையே இடுவர். கருணாகரத் தொண்டைமான் வென்ற போரைப் பாடிய செயங்கொண்டார் தம் நூலைக் கலிங்கத்துப் பரணி என்றார். எதிரி எவ்வளவு உயரமோ அவ்வளவே வீரனின் உயரமும் என்று நம் புலவர்கள் கணக்கிட்டு வைத்தனர். கம்பன் இராவணனுக்கு அளித்த வீரத்தையும் இசைப்புலமையையும் பேரரசையும் நினைத்துப் பார்த்தால் போதும். அப்பெருமைகள் இல்லாதிருந்தால் இராமனின் அம்புக்கு என்ன வேலை?

அப்படியானால் நாஜிக்கும் இராவணனின் கம்பீரத்தை அளிக்கவேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். வேண்டியதில்லை. அது பெரும்பிழையாகும். அவனுக்கு அளிக்கவேண்டியது உண்மை ஒன்றே. சித்திரக் கதையின் நாஜி ஒற்றைக் கண்ணாடி அணிந்து, கையில் சாட்டையோடு, பாழடைந்த கோட்டையில் வாழ்கிறான். வரலாற்றின் நாஜியோ 1942 ஜனவரி 20-ஆம் நாள் பெர்லினை அடுத்த வான்சே ஏரிக்கரை மாளிகையில், பதினைந்து பேர் கொண்ட கூட்டத்தில் உட்கார்ந்து நிகழ்ச்சிக் குறிப்பு எழுதினான். நாடுவாரியாக யூதர்களின் எண்ணிக்கை அட்டவணையாயிற்று. அக்குறிப்பைத் தயாரித்த ஐக்மன் 1961-இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் நின்றபோது, தான் ஆணைகளை நிறைவேற்றியதாகவே வாதிட்டான். ஏறத்தாழ அறுபது லட்சம் யூதர்களின் சாவில் கோப்பும் முத்திரையும் ரயில் கால அட்டவணையும் பங்கு கொண்டன. மேசைக்கு மேசை கோப்பு நகரும் அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம்மைப் போன்றோருக்குச் சாட்டை ஏந்தியவனைவிட இந்தக் குறிப்பெழுதியவனே அதிக நடுக்கத்தைத் தருகிறான். சாகசக் கதை அவனை அறியாது. அவனைக் குத்திவிட்டு ஓட முடியாதல்லவா?

இருப்பினும் இக்கிளையின் ஆணிவேர் பொய்யானதன்று. முதன்முதலில் ஹிட்லரைச் சித்திரக் கதையில் அடித்தவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் ஐரோப்பாவிலிருந்து புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். 1940 பிப்ரவரியில் 'லுக்' என்னும் அமெரிக்க இதழுக்காக இரண்டு பக்கக் கதை ஒன்றை உருவாக்கினர். அதில் சூப்பர்மேன் ஹிட்லரையும், அன்று அவனோடு உடன்படிக்கை செய்திருந்த ஸ்டாலினையும் சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சென்று ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின் முன் நிறுத்துகிறான். ஹிட்லரின் எஸ்.எஸ். படையினருடைய பத்திரிகை இதற்குச் சினந்து, சீகலைப் பெயர் சொல்லி வைதது. 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் ஹிட்லரின் தாடையில் குத்துவிட்ட கேப்டன் அமெரிக்காவைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் அத்தகைய குடும்பத்தினரே. அமெரிக்கா போரில் இறங்கியதோ அவ்வாண்டு டிசம்பரில். அதாவது, தம் நாட்டு அரசு கை ஓங்குமுன் இவ்விளைஞர்கள் தாளில் கை ஓங்கினர். தையற்கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைத்த தகப்பன்மாரின் மக்கள் அவர்கள். கடலுக்கு அப்பால் தம் இனத்தாருக்கு நேரவிருப்பதை அஞ்சியவர்கள். கேப்டன் அமெரிக்கா தொடக்கத்தில் படையில் சேரத் தகுதியற்ற நோஞ்சான் என்பதை மறக்கலாகாது. வலியற்றவன் வலியவனைக் கனவு காண்கிறான். இந்தக் கனவைத் தாராவியின் ஒற்றை அறையில் தையல் எந்திரத்தின் ஓசைக்கு நடுவே படித்த பையனுக்கு விளக்கிச் சொல்லவேண்டிய தேவையில்லை.

இன்னொரு செய்தி நம் வாசகருக்கு வியப்பளிக்கும். லயன் காமிக்ஸ் வழியே தமிழ்ச் சிறுவர் மனங்கவர்ந்த ஸ்பைடரின் கதைகள் பலவற்றைப் பிரிட்டிஷ் இதழுக்காக 1960-களில் எழுதியவர் அதே ஜெர்ரி சீகல்.

ஆக, அச்சத்தில் பிறந்த கதை உயிரோடு இருந்தது. அச்சம் நீங்கிய பின் நாஜி வெறும் சீருடை ஆனான். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் சொந்தச் சரக்கைப் பார்ப்போம். தமிழில் நாஜியை எதிர்த்த வீரன் கதை உண்டா? உண்டு. அது கற்பனைக் கதையாக வரவில்லை; வாழ்க்கை வரலாறு என்னும் பெயரில் மேடைப்பேச்சாகவும், சிறுவர் நூலாகவும், பத்திரிகைக் கட்டுரையாகவும் வந்தது. அவ்வீரர் செண்பகராமன் பிள்ளை.

1891-இல் திருவனந்தபுரத்தில் நாஞ்சில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து, ஸ்டிரிக்லண்டு என்னும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளரோடு 1908-இல் ஐரோப்பா சென்று, சூரிச்சில் பொறியியல் படித்து, 1914 ஜூனில் அங்கே இந்திய ஆதரவுக் குழுவை நிறுவி, உலகப் போர் மூண்டபின் பெர்லின் சென்று இந்தியப் புரட்சியாளரோடு இணைந்தவர் அவர். 1934 மே மாதம் பெர்லினில் காலமானார். இந்த எலும்புக்கூடே ஒரு பெரிய நாவலுக்குப் போதும். ஆனால் நம் எழுத்தாளர்களுக்குப் போதவில்லை. அவரை எம்டன் கப்பலில் ஏற்றினர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது பீரங்கியைத் திருப்பியவர் அவரே என்றனர். பின்னர் ஹிட்லர் இந்தியரை இழித்துப் பேசியபோது எதிர்த்து நின்று எழுத்து மூலம் மன்னிப்புப் பெற்றார் என்றும், அதற்குப் பழிவாங்க நாஜிகள் அவருக்கு நஞ்சூட்டினர் என்றும் முடித்தனர். மேடையில் கேட்கும்போது மயிர்க்கூச்செறியும். சாகசக் கதைக்கு வேண்டிய அங்கம் அனைத்தும் பொருந்தி நிற்கின்றன: கப்பல், குண்டு, கொடியவன், அவன் தலைகுனிவு, நஞ்சுக் கோப்பை.

எம்டன் பகுதி நிற்காது. அக்கப்பல் 1914 ஜூலை முடிவில் சீனத்துச் சிங்தாவ் துறைமுகத்தை விட்டுப் பசிபிக் கடலில் இறங்கி, அங்கிருந்து வங்கக் கடலுக்கு வந்தது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியால் அழிக்கப்பட்டது. ஐரோப்பாவின் நிழலைக்கூட அது அப்பயணத்தில் மிதிக்கவில்லை. அக்கோடையில் சூரிச்சில் குழு நடத்தி, இலையுதிர் காலத்தில் பெர்லினுக்குப் பெயர்ந்த மனிதர் அதில் ஏறியிருக்க வழியே இல்லை. 'ஜெய்ஹிந்த்' என்னும் முழக்கத்தை அவரே முதலில் எழுப்பினார் என்பதும் இவ்வகையினதே. நேதாஜியோடு ஜெர்மனியில் பணியாற்றிய ஹைதராபாத்து ஆபித் ஹசனுக்கு அப்பெருமையை அளிப்போரே மிகுதி.

ஹிட்லர் பகுதியை அவ்வளவு எளிதில் தள்ளமுடியாது. இந்திய விடுதலை இயக்கத்தின் மீது ஹிட்லர் கொண்டிருந்த இகழ்ச்சி அவனது 'மெயின் காம்ப்' நூலிலேயே அச்சாகியிருக்கிறது; இந்தியா பிரிட்டிஷார் கையில் இருப்பதே நலம் என்று அதில் எழுதியிருக்கிறான். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தவுடன் பெர்லினில் இருந்த இந்தியப் பத்திரிகையாளர் ஏ.சி.என். நம்பியார் கைது செய்யப்பட்டார். ஆகவே தன்மானமுள்ள இந்தியர் ஒருவர் அவர்களோடு மோதினார் என்பதும் துன்புற்றார் என்பதும் நம்பத்தக்கனவே. நஞ்சு என்பது அவர் மனைவி இலட்சுமிபாயின் கூற்றாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு மனைவியின் சாட்சியத்தை அதற்குரிய மதிப்போடு சாட்சியமாகவே சொல்லவேண்டும். பார்த்தது போல் காட்சியாக்கி, ஹிட்லர் வாயில் வசனம் எழுதுவது எவ்வகையிலும் தகாது.

சாகசக் கதை விட்டுவிட்ட பகுதி இதைவிடச் சுவையானது. செண்பகராமன் பெர்லினில் நெருங்கிப் பழகியது ஜெர்மன் தேசியவாதக் கட்சியினரோடு. அக்கட்சியே 1933 ஜனவரியில் ஹிட்லரின் முதல் அமைச்சரவைக்குத் தோள்கொடுத்தது. ஆறு மாதத்துக்குள் கலைந்தும் போயிற்று. பிரிட்டனின் பகைவன் நமக்கு நண்பன் என்று இருபது ஆண்டு நம்பிய ஒருவர், நண்பர் வீட்டுக் கதவின் வழியே பகைவன் நுழைவதைப் பார்த்த அந்த ஆறு மாதத்தை யார் எழுதினார்கள்? ஏறத்தாழ ஒன்பது ஆண்டு கழித்து, 1942 மே மாதம், நேதாஜி அதே ஹிட்லரைச் சந்தித்தார். அந்நூலில் இந்தியாவைப் பற்றி எழுதியதையும் அவனிடமே எடுத்துச் சொன்னார். நம் முன்னோர் வீட்டுச் சுவரில் நேதாஜி படமும் உண்டு. செண்பகராமனின் நஞ்சுக் கதையைச் சொன்ன வாயும் அவர்களுடையதே. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வல்ல ஒரு கதை வடிவம் நமக்கு அமையவில்லை. சாகசக் கதைக்கு அது எட்டாது. அதற்கு வில்லன் ஒரு பக்கம், வீரன் ஒரு பக்கம் என்று கோடு கிழித்தாக வேண்டும்.

கதைதானே, சற்று மிகைப்படுத்தினால் என்ன என்று நம் சங்கத்திலேயே சிலர் கேட்பதுண்டு. நம் பிள்ளை தமிழகத்தில் வளரவில்லை. அங்கே சென்னைக் காந்தி மண்டப வளாகத்தில் 2008-இல் நிறுவிய சிலை நிற்கிறது; பிள்ளை கதையை மறந்தாலும் சிலை நினைவூட்டும். இங்கே கல்லூரிக்குச் சென்ற பையன் எம்டனின் பயணத் தேதிகளை ஒருமுறை சரிபார்ப்பான்; நகைப்பான்; நகைத்த வாயால் சூரிச்சையும் பெர்லினையும் சேர்த்தே தள்ளிவிடுவான். தமிழர் சொல்லும் பழம்பெருமை எல்லாம் இப்படித்தான் என்று முடிவு கட்டுவான். பக்கத்து வீட்டுக்காரர் முன் தலைநிமிரச் சொன்ன கதை, சொந்த மகன் முன் தலைகுனியச் செய்யும். இதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

இத்தனைக்கும் அக்கதையின் மிகத் துணிந்த பகுதி நடந்தது பெர்லினில் அன்று, இந்த நகரில். மணிப்பூரில் பிறந்த இலட்சுமிபாய், கணவரின் அஸ்தியோடு 1935-இல் பம்பாய் வந்து இறங்கினார். நாஞ்சில் நாட்டு வயல்களில் தம் சாம்பல் தூவப்படவேண்டும் என்பது செண்பகராமனின் விருப்பமாம். பிரிட்டிஷ் ஆட்சி நடந்தது, போர் வந்தது, விடுதலை வந்தது, அதன் பின்னும் ஆண்டுகள் ஓடின. முப்பது ஆண்டுக்கு மேல் அக்கலசத்தைத் தம்மிடமே காத்திருந்தார் அவ்வம்மையார். அவர் கையில் சீருடையோ இரும்புக்கையோ இல்லை. அரசுகளின் கதவைத் தட்டித் தட்டி, இறுதியில் 1966 செப்டம்பரில் ஐ.என்.எஸ். டெல்லி என்னும் இந்தியப் போர்க்கப்பலில் அஸ்தியைக் கொச்சிக்குக் கொண்டு சேர்த்தார். எம்டனில் ஏறாத செண்பகராமன் மெய்யாகவே ஒரு போர்க்கப்பலில் ஊர் திரும்பியது அப்போதுதான். அதே ஆண்டு ஜூனில், இதே பம்பாயில், தென்னாட்டார் வேலைகளைப் பறிக்கின்றனர் என்ற குரலோடு ஒரு புதிய இயக்கம் தொடங்கியிருந்தது. தென்னாட்டுத் தமிழர் ஒருவரின் சாம்பலைக் கடற்படை மரியாதையோடு வழியனுப்பிய துறைமுகமும், கடைப்பலகையில் தமிழெழுத்தை மறைக்கவேண்டுமோ என்று நம்மவர் அஞ்சிய தெருக்களும் ஒரே நகரைச் சேர்ந்தவை. இலட்சுமிபாய் அதன் பின்னும் இங்கேயே வாழ்ந்து 1972-இல் மறைந்தார். சிவகாசியில் இரும்புக்கை மாயாவி அச்சேறிய அதே ஆண்டு.