மேடையேறாத தோள்சீலை

ஒடுக்கப்பட்டோர் வரலாறு கல்லூரிக் கலைவிழாக்களில் நாடகமாகவும் ஓவியக் கண்காட்சியாகவும் இடம்பெறுவது இன்று திருவனந்தபுரத்தில் வழக்கமாகிவிட்டது. வரவேற்கத்தக்க வழக்கமே. ஆயினும், எதனை மேடையேற்றுகிறோம், எதனை விட்டுவிடுகிறோம் என ஆராய்வது திறனாய்வின் கடனாகும்.

அண்மையில் இந்நகர்க் கல்லூரியொன்றில் கண்ட நாடகமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். முலைவரி கேட்டு வந்தவன்முன் தன் மார்பையே அறுத்து வாழையிலையில் வைத்த சேர்த்தலை நங்கேலியின் கதை அது. செந்நிற ஒளி, பறை முழக்கம், பெண்ணின் வீழ்ச்சி; உடனே திரை. அவையோர் எழுந்து நின்று கைதட்டினர். யானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியிலேதான் ஐயம் எழுந்தது.

நங்கேலி கதை செவிவழி வந்தது. அக்காலத்து ஆவணச் சான்று அதற்குக் கிடைத்திலது. அதனாலேயே அதனைப் பொய்யெனத் தள்ளுதல் முறையன்று. ஊரார் தம் புண்ணை நினைவிற் காக்கும் வழிகளுள் கதையும் ஒன்று. என் குறை வேறு. ஒரு பெண்ணின் சாவு அரை நாழிகையில் நாடகமாகிவிடுகிறது. அரை நூற்றாண்டு உயிரோடிருந்து போராடிய பெண்களுக்கோ மேடையில் இடமில்லை.

கல்குளம், இரணியல், விளவங்கோடு, அகத்தீசுவரம் ஆகிய பகுதிகள் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை இந்நகரிலிருந்தே ஆளப்பட்டவை. அங்கு வாழ்ந்த நாடார் குலப் பெண்டிர் பேசிய மொழி நம் தமிழ். கிறித்தவம் தழுவியோர் குப்பாயம் அணியலாம் என்று கர்னல் மன்றோ காலத்தில் இசைவு தரப்பட்டது. ஆனால் அவர்கள் விரும்பியது குப்பாயம் மட்டுமன்று. அதன்மேல் தோளிலிடும் சீலையும் வேண்டினர். அச்சீலைதான் மேற்சாதியின் அடையாளம். சந்தைவெளியில் உடைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் சிற்றாலயங்களும் தீக்கிரையாயின. 1829-இல் அரசு அவர்களுக்குத் தோள்சீலையைத் தடை செய்தது. 1858, 1859 ஆண்டுகளில் கலகம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் டிரவெலியன் நெருக்கினார். 1859 ஜூலை 26-இல் புதிய ஆணை பிறந்தது.

அவ்வாணையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். குப்பாயம் அணியலாம், மீனவப் பெண்டிரைப்போல் முரட்டுத் துணி சுற்றலாம், வேறெவ்வகையிலும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேற்சாதிப் பெண்டிரைப்போல் மட்டும் உடுத்தலாகாது. மானத்தை வழங்கிய அரசு சமத்துவத்தை வழங்க மறுத்துவிட்டது! இதனினும் கூரிய நாடகக் காட்சி வேறென்ன வேண்டும்? ஆயினும் இதனை மேடையில் ஒருமுறையேனும் கேட்டேனில்லை.

பெயரிலும் இச்சிக்கல் உண்டு. 'சாந்நார் லகள' என்பது அதிகாரியின் சொல், போராட்டத்தை வெறுங்குழப்பமாக்குவது. 'மாறுமறைக்கல் சமரம்' என்பது பரிவுடைய சொல். எனினும் வழக்கை நாணத்தின் வழக்காகக் குறுக்கிவிடுகிறது. 'தோள்சீலைப் போராட்டம்' என்னும் தமிழ்ப் பெயரே பொருளைச் சரியாகச் சுட்டுகிறது. மார்பைவிடத் தோளே அங்கு வழக்குக்குரிய இடம்.

நாடக மாணவரை மட்டும் நோவது முறையாகாது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் இப்போராட்டம் பற்றியிருந்த பகுதியைத் தேர்வுக்கு வேண்டாமென 2016-இல் மத்தியப் பள்ளிக் கல்வி வாரியம் அறிவித்தது. 2019-இல் அப்பாடமே நூலினின்று நீக்கப்பட்டது. பாடநூலில் காணாததைப் பிள்ளைகள் எங்ஙனம் அறிவர்? 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் இரு மாநில முதல்வரும் கலந்துகொண்ட இருநூறாம் ஆண்டு விழாவின் எதிரொலி நம் கல்லூரி வளாகங்களை எட்டியதாகத் தெரியவில்லை.

பாளையத்தில் விக்டோரியா அரசியின் பெயரால் 1896-இல் எழுந்த மண்டபம் 2019-இல் அய்யன்காளி பெயரைப் பெற்றது. ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிய மண்டபமும் அதுவே. 1911-இல் அச்சபைக்கு நியமிக்கப்பட்ட அய்யன்காளி, தம் மக்களுக்குக் குடியிருக்க நிலமும் பள்ளியில் இடமும் கேட்டார். அதற்கு முன்பே, பள்ளிக் கதவு திறக்கும்வரை வயலில் இறங்குவதில்லை என உழவுத் தொழிலாளரை நிறுத்திக் காட்டியவர் அவர். இன்று அந்த அரங்கிலேயே கலைவிழாக்கள் நடைபெறுகின்றன. மேடையில் வில்வண்டி வருகிறது. காளைகளின் சலங்கை ஒலிக்கிறது. பட்டினியோடு வரப்பில் நின்ற மாதங்கள் வருவதில்லை. பட்டினியைக் காட்டுவது கடினம் என்பதை ஒப்புகிறேன்.

அடுத்த ஆண்டு நாடகமெழுதும் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். சந்தையில் சீலை கிழிக்கப்பட்ட பெண்ணைக் காட்டுங்கள். அங்கே திரையை விடாதீர்கள். மறு சந்தைநாளன்று, தைத்த சீலையைத் தோளிலிட்டு அவள் வீட்டுப்படி இறங்குவதையும் காட்டுங்கள்.