கூரைமேல் ஒரு மாலை

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நட தம்பி, அப்பதான் விளங்கும்" என்றார் அக்கா. இருபத்தைந்து வருடமாக ஒஸ்லோவில் இருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கழற்றினேன். ஜூன் மாத வெயிலை நாள் முழுதும் வாங்கிவைத்திருந்த வெள்ளைச் சலவைக்கல், உள்ளங்காலில் இளஞ்சூடாக ஒட்டியது. சில கற்கள் வழவழப்பு, சில சொரசொரப்பு. மணி இரவு ஒன்பது தாண்டியும் சூரியன் மறையவில்லை. முன்னால் ஒஸ்லோ பியோர்ட் என்ற கடல்நீர் விரிந்து கிடந்தது. நான் நின்றதோ நோர்வேயின் தேசிய ஓபரா அரங்கின் கூரைமேல்!

கடலில் மிதந்துவந்து கரை தட்டிய பனிப்பாறை போல அந்தக் கட்டடத்தைப் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தப் படத்தாலும் அதைச் சொல்ல முடியாது. காலால்தான் அறிய வேண்டும். நீருக்குள்ளிருந்து எழுந்து சரிவாக ஏறுகிறது கல்தரை. ஏறிக்கொண்டே இருக்கிறோம், தரை எங்கே முடிந்தது, கூரை எங்கே தொடங்கியது என்று தெரியவே தெரியாது. திரும்பிப் பார்த்தால் நகரம் முழுவதும் காலடியில் இருக்கிறது.

இந்தக் கரையின் பெயர் பியோர்விகா. மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. நகரத்தின் முகம் போன்ற இந்த இடத்தை நெடுங்காலம் கொள்கலன் துறைமுகமும் நெடுஞ்சாலைச் சந்தியும் அடைத்துக்கொண்டிருந்தன. "நான் வந்த புதுசில இஞ்சால ஆரும் நடந்து வாறேல்லை. லொறியும் புகையும்தான்" என்றார் அக்கா.

ஓபரா அரங்கை இங்கேதான் கட்டுவது என்று 1999இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. 2000இல் நடந்த வடிவமைப்புப் போட்டிக்கு ஏறக்குறைய 240 வரைவுகள் வந்தன. வென்றது ஸ்நோஹெட்டா என்ற கட்டடக்கலை நிறுவனம், எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தை வடிவமைத்த அதே ஒஸ்லோக்காரர்கள். 2003இல் வேலை தொடங்கி, 2008 ஏப்ரல் 12 அன்று அரங்கு திறந்தது. 2010இல் நெடுஞ்சாலையும் கடலடிச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. வாகன இரைச்சல் இருந்த இடத்தில் இன்று நீரின் சளசளப்பு கேட்கிறது.

கூரையை வடிவமைப்பாளர்கள் 'கம்பளம்' என்றே அழைத்தார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! வருகிறவர்களுக்கு விரித்துப் போட்ட கம்பளம்தான் அது. கல் இத்தாலியின் கராராவிலிருந்து வந்த சலவைக்கல். கடல்நீர் தொடும் இடத்தில் மட்டும் நோர்வேயின் கருங்கல்லைப் பதித்திருக்கிறார்கள். அந்த விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அலை என்று சொல்ல முடியாத சிறு அசைவு. நீர் இரண்டு விரற்கடை மேலேறும், கல்லை நனைக்கும், வழிந்து இறங்கும். மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, நீர் ஏறும்போதெல்லாம் காலை இழுப்பதும் இறங்கும்போது வைப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தாள். தாய் பத்தடி தள்ளி இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கரைக்கும் நீருக்கும் நடுவே அங்கே கைப்பிடிச் சுவர் கிடையாது.

எதிரே நீரில் கண்ணாடியும் எஃகுமாக ஒரு சிற்பம் மிதக்கிறது. மோனிகா பொன்விச்சினி செய்தது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப மெல்லத் திரும்பும். நான் ஏறும்போது பார்த்த முகம் வேறு, இறங்கும்போது பார்த்த முகம் வேறு. மேலே மேடைக் கோபுரத்தைப் போர்த்தியிருக்கும் அலுமினியத் தகடுகளைத் தடவிப் பார்த்தேன். குழியும் மேடுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். நெசவுக் கலைஞர்கள் இருவர் உருவாக்கிய கோலம் அது. தகடு முழுவதும் நெய்த துணிபோலத் தெரிந்ததன் காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

உள்ளே போனால் இன்னொரு உலகம். வெளியே எல்லாம் வெள்ளை, உள்ளே எல்லாம் மரம். ஓக் மரத்தால் ஆன பெரிய சுவர் அலைபோல வளைந்து மேலேறுகிறது. அதைத் தாண்டினால் குதிரைலாட வடிவில் பிரதான அரங்கு. சுமார் 1,360 இருக்கைகள். அங்கே ஓக் மரத்தை அமோனியாவால் பதப்படுத்திக் கருமையாக்கியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் ஏழு மீட்டர் விட்டமுள்ள சரவிளக்கு, 5,800 கண்ணாடித் துண்டுகளோடு நிலாபோலத் தொங்குகிறது. மேடையின் அடித்தளமோ கடல்மட்டத்துக்கு 16 மீட்டர் கீழே இருக்கிறதாம்! வீதிப் பக்கம் நடந்தால் கண்ணாடி வழியே பட்டறைகள் தெரிகின்றன. ஆடை தைப்பவர்களையும் அரங்கப்பொருள் செய்பவர்களையும் வழிப்போக்கர்கள் நின்று பார்க்கலாம். கலைஞர்களின் உழைப்பை ஒளிக்காமல் காட்டும் இந்த மனசு எனக்கு மிகவும் பிடித்தது.

இத்தனையும் அழகுதான். ஆனால் என்னை உருக்கியது வேறு. நோர்வேயில் 'எல்லோருக்குமான உரிமை' என்றொரு பழைய வழக்கம் உண்டு. காட்டிலும் மலையிலும் கரையிலும் யாரும் நடக்கலாம். 1957இல் அதைச் சட்டமாகவும் எழுதிவைத்தார்கள். அந்த உரிமையை ஒரு கட்டடத்தின் தலையிலேயே ஏற்றிவைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. ஓபரா பார்க்கப் பட்டுச் சட்டையும் கறுப்புக் கோட்டுமாக வந்தவர்கள் ஒரு பக்கம். கையில் பாண் துண்டோடு வேலை முடிந்து வந்தவர்கள் ஒரு பக்கம். எல்லோருக்கும் அதே கல், அதே சூரியன். அக்கா இத்தனை வருடத்தில் ஒரேயொரு ஓபராதான் பார்த்திருக்கிறார். "ஆனா இந்தக் கூரைக்கு எத்தினை தரம் வந்தனான் எண்டு கணக்கே இல்லை. மனசு சரியில்லையெண்டால் இஞ்சதான் வருவன்" என்றார்.

நகரத்தின் மிக விலையுயர்ந்த கரையில் எதைக் கட்டுவது என்ற கேள்வி வரும்போதெல்லாம் இந்தக் கூரையை நினைத்துக்கொள்ள வேண்டும். நல்ல வடிவமைப்பு மக்களிடமிருந்து கரையை எடுத்துக்கொள்ளாது. எடுத்த இடத்தைக் கூரையாகவே திருப்பிக் கொடுக்கும். 2009இல் ஐரோப்பாவின் உயரிய கட்டடக்கலைப் பரிசான மீஸ் வான் டெர் ரோ விருது இதற்குக் கிடைத்தது. 2020இல் டைக்மான் நூலகமும் 2021இல் முங்க் அருங்காட்சியகமும் பக்கத்திலேயே வந்து நின்றன. லொறியும் புகையுமாகக் கிடந்த கரை இன்று ஒஸ்லோவின் முற்றமாகிவிட்டது.

ஒஸ்லோ போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கோடைகால மாலையொன்றில் போய், சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உச்சிவரை நடந்து ஏறுங்கள். கூரைக்கு நுழைவுச்சீட்டு கிடையாது.