அறுவடை இல்லாத கடன்

செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷாஃபிரும் எழுதிய ‘ஸ்கேர்சிட்டி’ (2013) புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் நம்ம ஊர்க் கரும்பு விவசாயிகள் வருகிற இடம். தமிழ்நாட்டில் 54 கிராமங்கள், 464 பேர். அறுவடைக்கு முன், கை வறண்டிருந்தபோது புதிர்களில் தடுமாறியவர்களே பணம் வந்த பிறகு நன்றாகப் போட்டார்கள். ஏழைக்குப் புத்தி மட்டு என்கிற பேச்சுக்கு நல்ல அடி.

ஆனால் எங்க ஆர்.கே.பேட்டையில் உட்கார்ந்து படித்தால் ஒன்று இடிக்கிறது. கரும்புக்காரருக்கு ‘அறுவடைக்குப் பின்’ என்று ஒரு காலம் உண்டு. விசைத்தறி வீட்டு அக்காக்களுக்கு ஏது? வாரக்கூலி வரும், குழு லோன் டியூவுக்குப் போய்விடும். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்களும் எழுந்து போக முடியாது. “என்னக்கா, இன்னுமா ரெடி பண்ணல?” என்று கேட்பவள் பக்கத்து வீட்டுக்காரி. நகை கேட்காத கடனுக்கு மானம்தான் ஈடு. இந்த வெட்கத்துக்குப் புத்தகத்தில் போதுமான இடமில்லை, பற்றாக்குறையோடு நின்றுவிடுகிறது.

எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே குழுவின் கொல்கத்தா ஆய்வு (2012) இன்னும் கிட்ட வருகிறது. வாரத் தவணையை மாதத் தவணையாக்கினார்கள், அவ்வளவுதான். கட்டுவதை நினைத்துப் பதறுவதாகச் சொல்லும் வாய்ப்பு 51 சதவீதம் குறைந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரம், தற்கொலைகளுக்குப் பிறகு, 2010 அவசரச் சட்டத்தில் மாதத் தவணையைக் கட்டாயமாக்கியது. நம் 2025 சட்டம் மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி கேட்பது அதில் எந்தப் பிரிவில் வரும்?