சாபு நடித்தாரா?

சிவாஜி கணேசனைப் பற்றிய வாக்குவாதம் நமக்குப் பழகியது. நடிப்புக்கே இலக்கணம் என்பார் ஒருவர். மிகை நடிப்பு என்பார் இன்னொருவர். எந்தப் பக்கம் நின்றாலும் அவர் நடித்தார் என்பதில் இருவருக்கும் ஐயம் வந்ததில்லை. மைசூர்ச் சீமையிலிருந்து உலகத் திரைக்குப் போன சாபுவின் வழக்கு அப்படியல்ல. அவரைக் கொண்டாடியவர்களும் கண்டித்தவர்களும் தங்களை அறியாமலே உடன்பட்ட இடம் ஒன்று உண்டு. அவரிடம் நடிப்பு என்று தனியாக ஒன்று இருந்ததை இரு தரப்பும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சாபு 1924 ஜனவரி 27 அன்று காராபுரத்தில் பிறந்தார். மைசூரிலிருந்து கபினி ஆற்றுப் பக்கம் போனால் வரும் காட்டோர ஊர் அது. காட்டு யானைகளை வளைத்துப் பிடிக்கும் கெட்டாவுக்குப் பேர்போன காக்கனகோட்டைக் காடு அதை ஒட்டியது. தந்தை மகாராஜாவின் யானைகளைப் பார்த்துக்கொண்ட மாவுத்தர். பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்த பையன் யானைக் கொட்டாரத்தின் பிள்ளையாகவே வளர்ந்தான். 1935இல் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி, கிப்லிங்கின் தூமாய் கதையைப் படமாக்க மைசூருக்கு வந்தார். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் படக்குழுவுக்கு ஒரு மாளிகையையும் யானைகளையும் தந்து உதவினார். நாயகனாக நடிக்கப் பையனைத் தேடியவர்களின் கண்ணில் பட்டவர் சாபு.

‘எலிஃபண்ட் பாய்’ 1937இல் வெளிவந்தபோதே கருத்து பிளவுபட்டது. வெனிஸ் திரைப்பட விழாவில் இயக்கத்துக்கான விருதை ஃபிளாஹெர்ட்டியும் ஸோல்டான் கோர்டாவும் பகிர்ந்துகொண்டனர். அன்று பட விமர்சனம் எழுதிவந்த எழுத்தாளர் கிரஹாம் கிரீனுக்கோ படம் பெரிய ஏமாற்றம். பையனைப் பற்றி மட்டும் பலரும் ஒரே குரலில் பேசினர்: இயல்பானவன், காட்டின் குழந்தை, கேமரா இருப்பதையே அறியாதவன். பாராட்டுப் போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் படம் உருவான விதத்தைப் பார்த்தால் இது நிற்காது. ஃபிளாஹெர்ட்டி மைசூரில் மாதக்கணக்கில் எடுத்துக் குவித்த சுருளில் கதை போதவில்லை என்று தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா நினைத்தார். வசனக் காட்சிகளை லண்டனுக்கு அருகே டென்ஹாம் ஸ்டூடியோவில் ஸோல்டான் கோர்டா எடுத்தார். ஆங்கிலமே தெரியாமல் கப்பலேறிய பையன், முன்பின் பார்த்திராத அரங்கில், முகத்தில் சாயம் பூசிய வெள்ளைக்கார நடிகர்கள் நடுவே நின்று, புதிதாகக் கற்ற மொழியில் தூமாயாகப் பேசினான். மைசூர்க் காட்சிக்கும் டென்ஹாம் காட்சிக்கும் நடுவே படத்தின் தையல் தெரிகிறது. பையனிடம் மட்டும் அது தெரியவில்லை. நடிப்பு என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இந்தியாவிலிருந்து எழுந்த எதிர்ப்பு வேறு வகை. 1938இல் வந்த ‘தி ட்ரம்’ படத்தில் எல்லைப்புறத்து இளவரசன் அஸீமாக, முரசொலித்து ஆங்கிலப் படையைக் காப்பாற்றுகிறவராக சாபு வந்தார். கெட்ட இளவரசனாக நடித்தவர் ரேமண்ட் மாஸி. படத்தைப் பேரரசின் பிரச்சாரம் என்று எதிர்த்து பம்பாயிலும் சென்னையிலும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. பின்னாளில் பிரேம் சௌத்ரி, பேரரசு சினிமாவைப் பற்றிய தம் நூலில் இந்தப் படத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நல்ல இந்தியன் என்றால் வெள்ளையனுக்கு விசுவாசமானவன் என்று சொல்லும் படம் இது என்ற குற்றச்சாட்டில் எனக்கு மறுப்பில்லை. கதை அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பதினான்கு வயதுப் பையன் கதையை எழுதவில்லை. படத்தைக் கண்டித்த கையோடு அதில் வேலை செய்த பையனின் திறமையையும் தள்ளிவிடுவது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

அவரை நடிகராகவே மதித்தவர்களில் மைக்கேல் பவல் முக்கியமானவர். ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ (1940) படத்தின் மூன்று இயக்குநர்களில் ஒருவர் அவர். மூன்று ஆஸ்கர் விருதுகளை வாங்கிய அந்தப் படத்தை ஒளிப்பதிவுக்காகவும் தந்திரக் காட்சிகளுக்காகவும் இன்றும் பேசுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது சாபுவும் பூதமும் கடற்கரையில் சந்திக்கும் காட்சியை. புட்டியிலிருந்து வானளாவ எழுந்து நிற்கும் பூதம் ரெக்ஸ் இங்ரம். இருவரையும் ஒரே சட்டத்துக்குள் சேர்த்தது தந்திரப் படப்பிடிப்பு. அதாவது, எதிரே இல்லாத ஒருவரை அண்ணாந்து பார்த்து நடுங்க வேண்டும், நடுக்கத்துக்குள்ளேயே திட்டம் போட வேண்டும், இத்தனை பெரிய உருவம் இத்தனை சிறிய புட்டிக்குள் எப்படி இருந்திருக்கும் என்று நம்பாதவனைப் போலக் கேட்டு, மறுபடி உள்ளே போக வைக்க வேண்டும். பயம், தந்திரம், வெற்றிச் சிரிப்பு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக முகத்தில் மாறுகின்றன. வெறும் வெளியைப் பார்த்து இதைச் செய்த பையனை இயல்பானவன் என்று மட்டும் சொன்னால் அவன் உழைப்பு காணாமல் போகிறது. தமிழில் எம்.ஜி.ஆர். ‘பாக்தாத் திருடன்’ ஆக 1960இல் வந்தார்; அங்கே திருடனே நாயகன். சாபுவின் படத்தில் நாயகன் ஜான் ஜஸ்டின். ஆனால் படத்தைத் தூக்கிச் சுமப்பவர் யார் என்பதில் பார்த்தவர்களுக்கு ஐயமிருக்காது.

‘ஜங்கிள் புக்’ (1942) மௌக்லிக்குப் பிறகு யூனிவர்சல் நிறுவனம் அவரை மரியா மான்டெஸ், ஜான் ஹால் ஜோடிக்குத் துணையாக்கியது. ‘அரேபியன் நைட்ஸ்’, ‘ஒயிட் சாவேஜ்’, ‘கோப்ரா உமன்’ என்று அடுத்தடுத்து வந்தவற்றில் எனக்கு ஆர்வமில்லை. அவருக்கும் இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. 1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பி-24 குண்டுவீச்சு விமானத்தின் வால் பகுதியில் துப்பாக்கி வீரராகப் போரிட்டு, சிறப்புமிக்க பறத்தல் சிலுவைப் பதக்கமும் பெற்றார்.

போர் முடிந்து வந்தவருக்கு பவலும் எமரிக் பிரஸ்பர்கரும் ‘பிளாக் நார்சிசஸ்’ (1947) படத்தில் இளவரசன் வேடம் தந்தார்கள். என் பார்வையில் அவர் வாழ்வின் மிக நேர்த்தியான வேலை இதுதான். பட்டும் நகையுமாக மடத்துக்கு வந்து, எந்தெந்தப் பாடம் படிக்க ஆசை என்று கன்னியாஸ்திரிகளிடம் வரிசையாகச் சொல்கிற காட்சியில் கர்வமும் வெகுளித்தனமும் ஒரே குரலில் கலந்து வருகின்றன. பக்கத்திலேயே கறுப்புச் சாயம் பூசிய ஜீன் சிம்மன்ஸ். இந்தியரை நடிப்பதாக மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்த படத்தில், தன் பகட்டைத் தானே ரசிக்கும் ஒரு தனி மனிதனை சாபு நடித்தார்.

கல்விப்புல ஆய்வாளர்கள் பிற்பாடு கேட்ட கேள்விகள் கூர்மையானவை. 2012இல் பிரியா ஜெய்குமார் எழுதிய கட்டுரை, அவருடைய உடலும் நிறமும் நாடு தாண்டி எப்படி விற்பனைப் பண்டமாயின என்பதை ஆராய்கிறது. இயன் இக்பால் ரஷீதின் ‘சர்வைவிங் சாபு’ (1998) குறும்படம் இதே சர்ச்சையை ஒரு வீட்டுக்குள் கொண்டுவருகிறது. புலம்பெயர்ந்த தந்தைக்கு சாபு வெள்ளையர் உலகில் ஜெயித்த நம் ஆள். மகனுக்கோ சாபு கோவணத்தோடு நிறுத்தப்பட்ட அடையாளம். இருவரும் சொல்வது உண்மை. மைசூரின் மண்டி மொஹல்லாவில் சாபு பேச்சை எடுத்தால் தந்தையின் குரலே அதிகம் கேட்கிறது. யானைக் கொட்டாரத்துப் பையன் ஹாலிவுட் போனான் என்ற பெருமையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் படங்களை முழுதாகப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பெருமைப்படுகிற நாமாவது பார்த்திருக்க வேண்டாமா?

1950களில் வேலை குறைந்தது. லண்டன் ஹாரிங்கே சர்க்கஸில் யானைகளோடு தோன்றினார். இத்தாலியில் டி சிகாவோடு ஒரு படம் செய்தார். சறுக்கலுக்குக் காரணம் திறமைக் குறைவு என்பவர்கள் அவருக்கு வந்த வேடங்களை ஒருமுறை பட்டியலிட்டுப் பார்க்கட்டும். வளர்ந்த இந்தியனுக்கு அன்றைய ஹாலிவுட்டில் இடமே இல்லை. பையனாக இருக்கும்வரைதான் அவரை வேண்டியிருந்தது. மெஹ்பூப் கான் ‘மதர் இந்தியா’வின் பிர்ஜூ வேடத்துக்கு அவரைத்தான் முதலில் நினைத்தார். தாமதங்களாலும் வேலை அனுமதிச் சிக்கலாலும் அது கைகூடவில்லை; சுனில் தத் நடித்தார், படம் 1957இல் வந்தது. தாயின் துப்பாக்கிக்கு இரையாகும் கோபக்கார மகன்! ‘பிளாக் நார்சிசஸ்’ பார்த்த யாரும் அந்த வேடத்தில் சாபுவைக் கற்பனை செய்யாமல் இருக்க முடியாது. அவர் 1963 டிசம்பர் 2 அன்று, 39 வயதில், கலிஃபோர்னியாவில் மாரடைப்பால் இறந்தார். இந்தியர் எடுத்த ஒரு படத்திலும் அவர் நடித்ததில்லை.