கன அடியும் லீற்றரும்: பிழை நுழையும் இடம்

திகனப் பக்கம் வீட்டுக்குச் சீமெந்துத் தாங்கி கட்டும் மேசன் பாஸ் நீள அகலத்தை அடியில் சொல்கிறார்; மணலும் 100 கன அடி கொண்ட கியூப் கணக்கில்தான் வந்து இறங்குகிறது. தண்ணீர்ப் பட்டியலில் வரும் ஓர் அலகோ 1000 லீற்றர். இவ்விரு கணக்குகளையும் இணைப்பது ‘கன அடியை 28 ஆல் பெருக்கு’ என்ற வாய்ப்பாடு. ஒரு கன அடி 28.317 லீற்றர் என்பதால் இதில் குறைவது நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். 120 கன அடித் தாங்கிக்கு 3398 லீற்றருக்குப் பதில் 3360 வரும். கையிருப்பைக் குறைத்தே காட்டுவதால் வீட்டாருக்கு நட்டமில்லை. மனக்கணக்குக்கு வசதியென்று 30 ஆல் பெருக்குவதைத்தான் ஏற்க முடியாது: அதே தாங்கிக்கு இல்லாத 200 லீற்றரை அது சேர்த்துவிடுகிறது.

ஆனால் பெரிய பிழை பெருக்கலுக்கு முன்பே நுழைந்துவிடுகிறது. வெளிப்புறம் 6 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள தாங்கிக்குச் சுவரும் அடித்தளமும் 6 அங்குலத் தடிப்பானால், உள்ளே எஞ்சுவது 70 கன அடி, அதாவது ஏறத்தாழ 1980 லீற்றர். 5 அடி 6 அங்குலத்தை 5.6 என்று எழுதும் வழக்கமும் உண்டு; அது 5.5. இந்த ஒரு தவறே 28 தரும் பிழையை மிஞ்சும். இவற்றைக் கவனிக்காமல் தசமத்தானங்களைப் பற்றி வாதிடுவது வீண்.

பெரிய நீர்நிலைகளில் சிறு விகிதமும் பெருந்தொகையாகுமே என்று கேட்கலாம். ஆகும். 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 722 மில்லியன் கன மீற்றர். அதை 93.47 டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி) கொள்ளும் தமிழ்நாட்டின் மேட்டூர் அணையுடன் ஒப்பிட அந்த அலகுக்கு மாற்றினால் 25.5 டிஎம்சி, 28 ஐக் கொண்டு வகுத்தால் 25.8. இடைவெளி ஏறத்தாழ 80 இலட்சம் கன மீற்றர். எனவே அங்கே முழுப் பெருக்கெண் அவசியம். ஆயினும் வண்டல் படியும் தேக்கத்தின் கொள்ளளவே நிலையானதல்ல; 25.497 என்று எழுதுவது அளவீட்டில் இல்லாத துல்லியத்தைக் காட்டிக்கொள்வதாகும்.

அடியையே கைவிடச் சொல்வோரும் உண்டு. கைப்பழக்கம் சட்டத்தால் மாறாது. மணலுக்கும் சுவருக்கும் அடி இருக்கட்டும். தண்ணீருக்கு மட்டும், நாடாவின் மறுபக்கத்திலுள்ள சென்ரிமீற்றரில் உட்புற நீள அகலத்தையும், வழிவு குழாய் வரையான உயரத்தையும் அளந்து பெருக்கி 1000 ஆல் வகுத்தால் நேரே லீற்றர் கிடைத்துவிடும்.